நூற்று நாற்பத்தொன்பதாவது குறிப்பு

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா. நாற்பத்தாறு வயது. நான்காவது மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் இருக்கை. பதினெட்டு வருஷத்தில் அந்த நாற்காலிக்கு இரண்டு முறை சக்கரம் மாற்றியாகிவிட்டது. உட்காருகிற ஆள் மாறவில்லை. மருத்துவமனைகளின் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுக்கிற சின்ன நிறுவனம் அது. மொத்தம் முப்பத்தொரு பேர்.

பட்டப்பெயர் வந்த கதை சுலபமானது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒரு பட்டியலைக் கூட்டவேண்டும் என்றால் ஒவ்வோர் எண்ணாக எடுக்கச் சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி எழுதுவார்கள். இவள் பின்னால் போய் நிற்பாள். "எதுக்குச் செக்கு மாடு மாதிரி சுத்தறே? மடி!" முதன்முறை கேட்கிறவர்கள் சாபம் விடுகிறாளோ என்று திடுக்கிட்டுத் திரும்புவார்கள். அங்கே பயன்படுத்திய கணினி மொழியில் ஒரு பட்டியலை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக்கொண்டே போய் ஒரே விடையாகச் சுருக்குவதற்கு மடிப்பு என்று பேர். பேர் தெரிந்த பிறகு பயம் போய்விடும், அக்கா மட்டும் நிற்பாள்.

அந்த மொழியும் கொஞ்சம் வீம்பு பிடித்தது. ஃபங்ஷனல் வகை. ஒரு பெயருக்கு ஐந்து என்று மதிப்புக் கொடுத்துவிட்டால் பிறகு பிரம்மாவே வந்தாலும் ஆறாகாது; ஆறு வேண்டுமென்றால் வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதைவிடப் பெரிய குணம், கேட்டால் ஒழியக் கணக்குப் போடாது. 'இதை அப்புறம் கூட்டவேண்டும்' என்று சீட்டு எழுதி ஓரமாக வைத்துக்கொள்ளும். சோம்பேறி மொழி என்றுதான் அதைப் படித்தவர்களே சொல்வார்கள். திட்டு இல்லை, இலக்கணம்.

இந்தச் சோம்பேறியோடு பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியதில் மடிப்பக்கா ஒரு கோப்பு சேர்த்து வைத்திருந்தாள். 'கைக்குறிப்பு' என்று பெயர். ஒவ்வொரு முறை அடிபட்டபோதும் ஒரு குறிப்பு. எல்லாம் பேச்சு நடையில், அவள் வாயால் சொல்வது போலவே இருக்கும். முதல் குறிப்பு: 'காலிப் பட்டியலுக்குத் தலை கிடையாது. தலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி உள்ளே யாராவது இருக்காங்களான்னு பாரு.' ஒரு விடுமுறை நாளில் எந்தக் கூடத்திலிருந்தும் ரத்தம் வராமல் போய், பட்டியல் காலியாக இருந்து, நிரல் மொத்தமும் குப்புற விழுந்த அன்று எழுதியது. ஐம்பத்திரண்டாவது: 'நாலு விதமா வரும்னு தெரிஞ்சா நாலு வாசலையும் தனித்தனியா வை. மத்ததெல்லாம்னு ஒரே பொதுக் கதவு வச்சா, அஞ்சாவதா திருடன் நுழைஞ்சாலும் வாங்க உட்காருங்கன்னு சொல்லும்.' எண்பத்தெட்டாவது: 'ஒரு ஃபங்ஷனுக்குப் பேர் வைக்க முடியலையா? அது ரெண்டு வேலை பாக்குது. பிரிச்சு விடு.' பத்தொன்பதாவதை அவள் கணவர் ஒரு நாள் தோளுக்குமேல் எட்டிப் படித்துவிட்டார்: 'இருந்தாலும் இருக்கும்னு வர்ற மதிப்பை இருக்குன்னே நம்பிடாதே. இல்லேன்னா என்ன செய்வேன்னும் எழுதி வை.' அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். "இது கம்ப்யூட்டருக்கு மட்டும்தானா, இல்ல என்னையும் சேர்த்தா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

நூற்று நாற்பத்து மூன்று குறிப்பு சேர்ந்திருந்தபோதுதான் மைக் அவற்றை எடுத்தான்.

மைக் அவளுடைய பிரிவின் தலைவன். நாலு பேர் கூடினால் போதும், தண்ணீர் பாட்டிலையாவது வாயருகே பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவான்; அதனால் அந்தப் பேர். கெட்டிக்காரன், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கோடு, அதாவது நிரல் வரி, எழுதி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை மதியம் எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தான். மேஜைமேல் புத்தகக் கட்டு. அட்டையில் அவன் படம், கைகட்டிக்கொண்டு, பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு. ஆளுக்கொன்று கையெழுத்திட்டுக் கொடுத்தான். மடிப்பக்காவின் பிரதியில், 'தொடர்ந்து கற்றுக்கொள்ளுங்கள், வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தான்.

அவள் இருக்கைக்கு வந்து புரட்டினாள். முதல் பக்கத்தில் முதல் குறிப்பு. 'காலிப் பட்டியலுக்குத் தலை கிடையாது' என்பதை 'தலை இல்லை' என்று மாற்றியிருந்தான். அவ்வளவுதான் மாற்றம். நன்றியுரையில் அவன் மனைவி, மாமனார், உடற்பயிற்சிக் கூடத்துப் பயிற்சியாளர் எல்லோரும் இருந்தார்கள். அவள் பெயரைத் தேடி விரலால் வரி வரியாக இரண்டு முறை தடவிப் பார்த்தாள்.

அதுகூடப் பரவாயில்லை. அறுபத்தோராம் பக்கம் வந்தது. 'இப்படி எழுதாதீர்கள்' என்று ஒரு பெட்டி. பெட்டிக்குள் அவள் எழுதிய கோடு. ஆறு வருஷத்துக்கு முன் எழுதியது, இன்றும் மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருப்பது. அதில் இரண்டு மாறிகளுக்கு, அதாவது மதிப்பைச் சுமக்கிற பெயர்களுக்கு, முன்னால் ஆச்சரியக்குறி போட்டிருந்தாள். கீழே மைக்கின் கிண்டல்: 'இதை எழுதியவருக்கு எதைப் பார்த்தாலும் ஆச்சரியம் போலிருக்கிறது!'

கூட்ட அறையில் யாரோ அந்த வரியைப் படித்துச் சிரிக்கிற சத்தம் கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது. அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

மறுநாள் அவன் அறைக்குப் போனாள்.

"சார், இது எல்லாம் என் குறிப்பு."

"மேடம், நீங்க எழுதினது குறிப்பு. நான் எழுதினது புத்தகம்." சிரித்துக்கொண்டே சொன்னான். "செங்கல் அறுத்தவங்க வீட்டுக்குச் சொந்தம் கொண்டாட முடியுமா?"

"பேராவது போட்டிருக்கலாமே."

"ஒருத்தர் பேரைப் போட்டா முப்பது பேரும் கேப்பாங்க. இது டீம் வேலை. பெருந்தன்மையா இருங்க."

பணியாளர் பிரிவில் முறையிட்டாள். அலுவலகக் கணினியில் எழுதியது அலுவலகத்துக்கே சொந்தம் என்று விதியைக் காட்டினார்கள். நிறுவனத்தைத் தொடங்கிய டாக்டரம்மாவிடம் போகலாமா என்று யோசித்தாள். ஆனால் அந்த அம்மாவே புத்தகத்துக்கு முன்னுரை எழுதியிருந்தார். யாரிடம் போய் அழுவது?

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு லென்ஸைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"விட்டுத் தள்ளேன். உன் மூளையை அவன் திருட முடியுமா?"

"மூளையைத் திருடலை. என்னைக் கோமாளி ஆக்கிட்டான். நான் விடப்போறதில்லைங்க."

"என்ன பண்ணுவே?"

"பண்ணிட்டுச் சொல்றேன்."

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். இருபது வருஷத்தில் அவள் அந்தக் குரலில் பேசியதை அவர் மூன்று முறைதான் கேட்டிருக்கிறார். மூன்று முறையும் எதிராளிதான் ஊரைக் காலி செய்தான்.

அடுத்த நான்கு மாதம் மடிப்பக்கா பதவிசாக இருந்தாள். மைக் எதிரே வந்தால் வணக்கம் சொன்னாள். புத்தகத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி தன் மேஜையில் நிறுத்தி வைத்தாள். உள்ளே மட்டும் ஒரு அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஊரார் பிள்ளையைத் தன் பிள்ளை என்று தூக்கிக்கொண்டு திரிகிறவனுக்கு, அது பசித்து அழும்போது என்ன கொடுப்பதென்று தெரியாது. ஒரு நாள் கை நீட்டிக்கொண்டு வருவான். அந்த நாளுக்காகக் காத்திருந்தாள்.

வந்தான். கையில் இரண்டு காகிதக் கோப்பையில் காபி.

"மேடம், ரெண்டாம் பதிப்பு போடறாங்க. அதுக்குள்ள ஒரு பெரிய மாநாட்டுல பேசக் கூப்பிட்டிருக்காங்க. புதுசா ஒரு பத்துக் குறிப்பு கிடைச்சா... நீங்கதான் இதுல ராணி."

"அதுக்கென்ன சார், தந்துட்டாப் போச்சு."

"இந்தத் தடவை நன்றியுரையில கண்டிப்பா..."

"அதெல்லாம் எதுக்கு சார்? டீம் வேலைதானே."

பத்துக் குறிப்பு எழுதினாள். ஒன்பது சுத்தத் தங்கம். ஆறாவது, வரிசைப்படி நூற்று நாற்பத்தொன்பதாவது, விஷம்.

பட்டவர்த்தனமான தப்பாக இருந்தால் மைக் கண்டுபிடித்துவிடுவான், அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. மடிப்பில் சோம்பேறி மடிப்பு, சுறுசுறுப்பு மடிப்பு என்று இரண்டு உண்டு; கூட்டும்போது சோம்பேறி மடிப்பை எடுக்காதே, சீட்டு மலையாகக் குவிந்துவிடும் என்று அவளே முப்பத்தோராவது குறிப்பில் எழுதியிருந்தாள், அது அவன் புத்தகத்திலும் இருந்தது. அதனால் இந்தமுறை சுறுசுறுப்பு மடிப்பையே எடுத்தாள். சராசரி கண்டுபிடிக்கிற கணக்கு. கூட்டுத்தொகை ஒன்று, எண்ணிக்கை ஒன்று, இரண்டையும் ஒரே பெட்டியில் ஜோடியாகப் போட்டு மடித்துக்கொண்டு போவது. பார்க்க அழகோ அழகு, ஒரே வரி. சூது எங்கே இருந்ததென்றால், சுறுசுறுப்பு மடிப்பு பெட்டி வந்துவிட்டதா என்று மட்டும்தான் பார்க்கும். பெட்டிக்குள் இருப்பது விடையா, 'அப்புறம் கூட்டிக்கலாம்' என்ற சீட்டா என்று திறந்து பார்க்காது. ஆயிரம் எண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கோடிக்கணக்கில் போனால் சீட்டு குவிந்து குவிந்து கணினி மூச்சுத் திணறிச் சாகும். உள்ளே இருப்பதையும் உடனே கணக்குப் போடு என்று கட்டளையிட ஒரு குறி இருக்கிறது. ஆச்சரியக்குறி. அறுபத்தோராம் பக்கத்தில் அவன் பார்த்துச் சிரித்த அதே குறி.

குறிப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'எவ்வளவு பெரிய பட்டியலுக்கும் இதுவே போதும்.' அந்த வரியை எழுதிவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். நன்றாக இருந்தது, குளிர்ந்த தண்ணீர் குடித்தது போல.

மாநாடு ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின வாரம் முழுக்க அவள் வேறு உலகத்தில் இருந்தாள். குளியலறைக் கண்ணாடி முன் நின்று கேள்வியை ஒத்திகை பார்த்தாள். ரொம்பப் பணிவாகக் கேட்கலாமா, ஒன்றும் தெரியாதவள் போல் கேட்கலாமா? எந்தப் புடவை, எத்தனாவது வரிசை? வெள்ளிக்கிழமை பிற்பகல் பக்கத்து இருக்கைப் பெண் இவள் தோளைத் தட்டினாள். அவளுக்குக் கமா என்று பேர், எங்கேயாவது ஒரு கமாவை விட்டுவிடுவாள் என்பதால். ஒன்பது வருஷமாகப் பக்கத்து இருக்கை. மதியச் சாப்பாட்டில் பாதி இவள் டப்பாவிலிருந்துதான்.

"அக்கா, ஒரு சின்ன மாற்றம் அனுப்பியிருக்கேன். பாத்துட்டு ஓகே குடுங்களேன். திங்கட்கிழமை போகணுமாம்."

"கமா எல்லாம் போட்டியா?"

"போட்டேங்க்கா."

இரண்டாம் ஆள் படித்துச் சம்மதம் கொடுத்தால்தான் எந்தக் கோடும் மருத்துவமனைக்குப் போகும். பதினெட்டு வருஷத்தில் மடிப்பக்கா ஒரு வரியைக்கூடப் படிக்காமல் விட்டதில்லை. அன்று அவள் மனசு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. திரையைப் பார்த்தாள், படிக்கவில்லை. 'சரி' என்ற பொத்தானை அழுத்தினாள்.

சனிக்கிழமை அரங்கில் நானூறு பேர். குளிரூட்டிக்குக் கீழே மூன்றாவது வரிசையில், நடுவில், இடம் பிடித்திருந்தாள். மைக் கழுத்தோரம் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு மேடையில் உலாவினான். நன்றாகவே பேசினான். அவளுடைய நகைச்சுவைக்கெல்லாம் கைதட்டு வாங்கினான். நூற்று நாற்பத்தொன்பதாவது குறிப்பு திரையில் வந்தது. ஆயிரம் எண்களை வைத்து ஓட்டிக் காட்டினான். விடை கண்ணிமைப்பதற்குள் வந்தது. "எவ்வளவு பெரிய பட்டியலுக்கும் இதுவே போதும்!" என்று அவள் வரியை அப்படியே சொன்னான்.

அவள் கை தூக்கினாள். யாரோ ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"சார், ரொம்ப அழகா இருக்கு. ஒரு பத்துக் கோடி குடுத்து ஓட்டிக் காட்டுங்களேன். நாங்களும் கண்ணால பாத்துக்கறோம்."

மைக் சிரித்தான். "பாருங்க, எங்க ஆபீஸ்காரங்களே ஆர்வமா இருக்காங்க." ஐந்து பூஜ்யம் கூட்டித் தட்டினான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேஜைமேல் இருந்த கணினியின் விசிறி உறுமத் தொடங்கியது. அவன் சட்டையிலிருந்த ஒலிவாங்கி அந்த உறுமலை அரங்கம் முழுக்கப் பரப்பியது. சுட்டி நகரவில்லை. திரை உறைந்தது. "ஒரு நிமிஷம்" என்றான். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டாவது நிமிஷத்தில் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக முன்னால் வந்தது. முன்வரிசையில் ஒரு நரைத்த தாடிக்காரர் எழுந்து, "ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார். மைக் வாய் திறந்தான். இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவனுக்குப் பேச வார்த்தை கிடைக்கவில்லை. கண்கள் மூன்றாவது வரிசையைத் தேடி வந்து அவள்மேல் நின்றன. புரிந்துவிட்டது அவனுக்கு.

"நான் சொல்லட்டுமா சார்?" என்றாள்.

மேடையேறி நாலே நிமிஷம் பேசினாள். பெட்டி, சீட்டு, சோம்பேறித்தனம். பிறகு வேறு கணினியில், "இது சாரோட புத்தகத்துல அறுபத்தோராம் பக்கம். இப்படி எழுதாதீங்கன்னு போட்டிருக்கார்" என்று சொல்லி, இரண்டு ஆச்சரியக்குறியோடு தன் பழைய கோட்டைத் தட்டினாள். பத்துக் கோடி. விசிறி மூச்சுவிடவில்லை. விடை வந்து நின்றது. நரைத்த தாடிக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அப்புறம் அரங்கமே தட்டியது. அவள் இறங்கும்போது மைக்கைக் கடந்துதான் வரவேண்டியிருந்தது. அருகில் போய் மெதுவாகச் சொன்னாள். "தொடர்ந்து கத்துக்குங்க சார். வாழ்த்துகள்."

அன்று வீட்டுக்கு நடந்தே போனாள், ஆறு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு அலமாரியை ஒழித்து வைத்தாள். நாலு மாதமாக வாயில் ருசி இல்லாமல் இருந்தவள் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். கணவர் கேட்டார்:

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவள் மேஜைத் தொலைபேசி அடித்தது. பெரிய மருத்துவமனையொன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அங்கே வேலை பார்க்கும் பெண் பேசினாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், உங்க சிஸ்டம் ஏழு மணியிலேருந்து நிக்குது. மெஷின் ரிசல்ட் தருது, ஆனா அது வெளிய விட மாட்டேங்குது. நான் துண்டுச்சீட்டுல கையால எழுதிட்டு மாடி மாடியா ஏறி இறங்கறேன். குழந்தைங்க வார்டுல பொட்டாசியம் அளவு கேட்டுட்டு இருக்காங்க. எண்ணை மாத்தி எழுதிட்டேன்னா என்ன மேடம் ஆகும்?"

தினமும் காலையில் இயந்திரங்கள் சரியாக அளக்கின்றனவா என்று பார்க்க, மூன்று வருஷத்து அளவுகள் எல்லாவற்றுக்கும் நிரல் சராசரி போடும். அது முடிந்தால்தான் முடிவுகளை வெளியே விடும். மடிப்பக்கா அந்தப் பகுதியைத் திறந்தாள். அழகான ஒரே வரி. சுறுசுறுப்பு மடிப்பு, ஜோடிப் பெட்டி. ஆச்சரியக்குறி இல்லை. எழுதியவர் கமா. படித்துச் சம்மதம் கொடுத்தவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர்.

 இரண்டு ஆச்சரியக்குறியைப் போட்டு அனுப்ப அவளுக்கு ஒன்பது நிமிஷம் ஆனது. மற்றக் கூடங்களும் ஒவ்வொன்றாக எழுந்தன. எல்லாம் சரியாகும்போது மணி ஒன்பதரை ஆகிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனது அந்தப் பெண்ணின் கால்களால், இவளால் இல்லை.

கமா அப்போதுதான் பையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இதை ஏன் மாத்தினே?" என்றாள் மடிப்பக்கா.

"மைக் சார்தான்க்கா சொன்னார். புதுக் குறிப்பை உடனே எல்லா இடத்துலயும் போடுங்க, எங்க ஆபீஸ்லயே இதைத்தான் போடறோம்னு மேடையில சொல்லணும்னார். நீங்கதான் பாத்து ஓகே குடுத்தீங்களே?"

பதினொரு மணிக்கு டாக்டரம்மா மூன்று பேரையும் தன் அறைக்கு அழைத்தார். முப்பது வருஷம் பரிசோதனைக் கூடம் நடத்திவிட்டு இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர். ரத்தக் குழாயைக் கையில் எடுத்தால் இன்றைக்கும் லேபிளை இரண்டு முறை படிப்பார். சனிக்கிழமை நடந்தது அவர் காதுக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

மைக் முந்திக்கொண்டான். சனிக்கிழமைக்குப் பிறகும் அவன் குரல் சாயவில்லை. "குறிப்புல ஒண்ணும் தப்பில்ல டாக்டர். அதைப் பயன்படுத்தின விதம்தான் தப்பு. இவங்க எப்பவும் எதையாவது விட்டுடுவாங்க. பேரே கமா." என்று கமாவின் பக்கம் கையைக் காட்டினான்.

கமா பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். காது சிவந்திருந்தது. நாலு மாதத்துக்கு முன் தன் காது அப்படித்தான் இருந்திருக்கும் என்று மடிப்பக்காவுக்குத் தோன்றியது.

சும்மா இருந்திருக்கலாம். இன்னும் இரண்டு நாள் விட்டால் மாநாட்டுச் செய்தி வந்து மைக் தானாகவே வேரோடு சாய்ந்திருப்பான். ஆனால் அதற்குள் இந்தப் பெண்ணின் வேலை போயிருக்கும்.

"குறிப்பே தப்பு டாக்டர்," என்றாள். "நான்தான் எழுதினேன்."

"நீங்களா? இது அவர் புத்தகத்துக்கான குறிப்பு இல்லையா?"

"புத்தகத்துல இருக்கற எல்லாமே நான் எழுதினதுதான். இதை மட்டும் தெரிஞ்சே தப்பா எழுதிக் குடுத்தேன். இவரை மேடையில வச்சுக் கவுக்கறதுக்கு. அது ஆஸ்பத்திரிக்குப் போகும்னு நினைக்கலை. இவ அனுப்பினதைப் படிக்காம ஓகே குடுத்ததும் நான்தான்."

 டாக்டரம்மா மைக்கைப் பார்த்தார்.

"சொல்லுங்க. இந்தக் குறிப்பு யாரோடது?"

அப்படி ஒரு கேள்வியில் மாட்டுவான் என்று மடிப்பக்காகூடத் திட்டமிடவில்லை. அவளுடையது என்றால் புத்தகம் போயிற்று. தன்னுடையது என்றால் மருத்துவமனைகளை நிறுத்திய பழி தலையில். அவன் நெற்றியில் வியர்வை துளிர்ப்பதை அவள் பார்த்தாள். இவ்வளவு குற்ற உணர்ச்சிக்கு நடுவிலும் அந்தக் காட்சி அவளுக்கு இனித்தது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

"அவங்களோடதுதான்," என்றான் கடைசியில். "எல்லாமே."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முதலில் கமாவை வெளியே போகச் சொன்னார். "உம்மேல தப்பில்லம்மா. போய் வேலையைப் பாரு." பிறகு மைக்கிடம், முன்னுரையைத் திரும்பப் பெறுவதாகவும், இன்று முதல் அவன் பிரிவுத் தலைவன் இல்லை என்றும் சொன்னார். கடைசியாக இவளிடம் திரும்பினார்.

"அவர் திருடினார். அது கேவலம். நீங்க செஞ்சது என்ன தெரியுமா? மாத்திரை பாட்டில்ல லேபிளை மாத்தி ஒட்டியிருக்கீங்க. யாரைப் பழிவாங்கன்னாலும் சரி, அதைச் செஞ்சவங்களை நான் வச்சுக்க முடியாது."

"தெரியும் டாக்டர்," என்றாள். ராஜினாமாக் கடிதத்தை ஏற்கெனவே எழுதி, மடித்து, கையில் வைத்திருந்தாள்.

இருக்கையை ஒழித்தபோது கமா உதவிக்கு வரவில்லை. மின்தூக்கி வரை வந்து நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் சேர்ந்து சிரிச்சிருப்பேனேக்கா. கல்லை எறியறப்ப நடுவுல யார் நிக்கறான்னு பாக்க மாட்டீங்களா?"

மடிப்பக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது.

நாலு மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு நூலகங்களுக்கு மென்பொருள் செய்யும் ஓர் இடத்தில் வேலை கிடைத்தது. அங்கே தப்பு நடந்தால் ஒரு புத்தகம் தப்பான அலமாரிக்குப் போகும், அவ்வளவுதான். வீட்டுக் கணினியில் கைக்குறிப்பை நினைவிலிருந்தே மறுபடியும் எழுதி, தன் முழுப்பெயரோடு யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் போட்டாள். முதலாவதாக அவள் வைத்தது அந்த விஷக் குறிப்பைத்தான். கீழே இப்படி எழுதினாள்: 'இது தப்பு. ஒரு ஆளைக் கவுக்க வேணும்னே எழுதினேன். ஆள் கவுந்தான். கூடவே ஒரு பொண்ணு துண்டுச்சீட்டோட ரெண்டு மணி நேரம் மாடி ஏறி இறங்கினா. தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சிட்டு அடுத்ததுக்குப் போ.'

எட்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை. 'எழுபத்தி மூணாவது குறிப்புல ஒரு கமா விட்டுப்போச்சு.' திருத்தினாள். நன்றி என்று பதில் எழுதினாள். 'சாப்பிட்டியா?' என்றும் ஒரு வார்த்தை சேர்த்தாள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மைக்கின் இரண்டாம் பதிப்பு வரவேயில்லை. அவன் வேறு நிறுவனத்தில் சேர்ந்து, வருகிறவர்களுக்குச் செயல்விளக்கம் காட்டுகிறானாம். யாராவது 'பெரிய பட்டியல் குடுத்து ஓட்டிக் காட்டுங்க' என்றால் முகம் வெளிறிவிடுகிறதாம். அந்தச் செய்தியைச் சொன்னவரிடம் மடிப்பக்கா இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"இன்னுமா உனக்கு ஆறலை?" என்றார் கணவர்.

"அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணை நினைச்சா இப்பவும் சோறு இறங்கலைங்க," என்றாள் அவள். "இவனை நினைச்சா ரெண்டு கரண்டி கூடவே இறங்குது."